முதல் வரியில் வந்து மூன்றாம் வரியில் மறைகிறவர்கள்

சென்னையின் வரலாற்றைச் சொல்லும் புத்தகங்களில் மீனவர்கள் முதல் வரியிலேயே வந்துவிடுகிறார்கள். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே நிலம் தேடி வந்தபோது இந்தக் கரையில் இருந்தது ஒரு சின்ன மீனவக் குப்பம் என்று கதை தொடங்கும். அடுத்த வரியில் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் நிலத்தைக் கொடுப்பார். மூன்றாம் வரியில் கோட்டை எழும்பும். பிறகு கவர்னர்கள், துபாஷிகள், சர்ச்சுகள், கல்லூரிகள், சபாக்கள் என்று பக்கங்கள் நிறையும். மீனவர்கள் திரும்பி வருவது அபூர்வம். வந்தாலும் 2004 சுனாமி போன்ற ஒரு துயரத்தின் ஓரத்தில் தலைகாட்டிவிட்டுப் போவார்கள்.

குப்பங்களோ எங்கும் போய்விடவில்லை. கலங்கரை விளக்கத்தைத் தாண்டி லூப் ரோட்டில் தெற்கே நடந்தால் நொச்சிக்குப்பம். அதற்கப்பால் சீனிவாசபுரம் வழியாக அடையாறு முகத்துவாரம் வரை அடுத்தடுத்துக் குப்பங்கள்தான். சாந்தோம் தேவாலயம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கபாலீசுவரர் கோவில் நடந்துபோகிற தூரம். அந்த இரண்டைப் பற்றியும் நூலகத்தில் அலமாரி அலமாரியாகப் புத்தகம் கிடைக்கும். நொச்சிக்குப்பத்தைப் பற்றி வேண்டுமானால் நீதிமன்ற உத்தரவுகளையும் பத்திரிகைச் செய்திகளையும் குடியிருப்பு வாரியத்தின் கோப்புகளையும்தான் புரட்ட வேண்டும்.

இது தற்செயலா, அல்லது சென்னையின் உள்ளூர் வரலாற்றெழுத்து கைக்கொண்ட முறையிலேயே உள்ள குறையா? அந்த எழுத்தை மூன்று கேள்விகளால் நிறுத்துப் பார்க்கலாம். யாருடைய ஆவணத்தை அது சான்றாகக் கொள்கிறது? எதைப் பாரம்பரியம் என்று பட்டியலிடுகிறது? ஓர் இடத்தின் மேல் வழக்கு வரும்போது அந்த இடத்து மக்களுக்கு அது என்ன உதவி செய்கிறது?

முறை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் மாவட்ட வரலாறு எழுதுவது பழைய வழக்கம். கென்ட் மாவட்டத்தைப் பற்றி வில்லியம் லாம்பார்டு எழுதிய நூல் 1576இல் அச்சாகிவிட்டது. 1899இல் விக்டோரியா அரசியின் பெயரால் எல்லா மாவட்டங்களுக்கும் வரலாறு எழுதும் பெருந்திட்டம் தொடங்கியது; அது நூற்றாண்டைக் கடந்தும் முடிந்தபாடில்லை. ஊர் ஊராகப் போவது, பண்ணை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, தேவாலயத்தை யார் கட்டினார், எந்த ஆண்டு என்று ஆவணத்தோடு பதிவது அதன் வழி. துல்லியத்தில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் பத்திரம் வைத்திருந்தவனின் ஊர்தான் அதில் துலக்கமாகத் தெரியும். கூலிக்கு உழுதவன் மங்கலாகவே தெரிவான். 1955இல் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் இங்கிலாந்தின் நிலத்தோற்றம் உருவான விதத்தைப் பற்றி எழுதிய நூல்தான் வேலியையும் வயலையும் பாதையையும் ஆவணமாகப் படிக்கலாம் என்று பலருக்குக் காட்டியது.

அந்த முதல் வகை எழுத்துதான் சென்னைக்கு வந்து சேர்ந்தது. 1640 முதல் 1800 வரையிலான பழைய மதராஸைப் பற்றி எச். டி. லவ் 1913இல் வெளியிட்ட தொகுதிகள் கோட்டையின் ஆவணங்களைச் சலித்து எடுத்தவை. 1939இல், நகரின் முந்நூறாம் ஆண்டை ஒட்டி, சி. எஸ். சீனிவாசாச்சாரியார் நகர வரலாறு எழுதினார். 1981இல் எஸ். முத்தையா எழுதிய ‘மெட்ராஸ் டிஸ்கவர்ட்’ அதைப் பொதுவாசகரின் கைக்குக் கொண்டுவந்தது. 1991இல் அவர் தொடங்கிய ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழும், 2004இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய மெட்ராஸ் தினமும் ஒரு தலைமுறையையே தம் தெருவைத் திரும்பிப் பார்க்கவைத்தன.

இதன் பயனைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. முத்தையா 2019இல் மறையும் வரை விடாமல் எழுதியிராவிட்டால், இன்று நிற்கும் கட்டடங்களில் சில நமக்குப் புகைப்படமாகத்தான் கிடைத்திருக்கும். அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கவிடாமல் வழக்காடி, 2010இல் உயர் நீதிமன்றத்தில் வெற்றி பெற முடிந்தது என்றால், அந்தக் கட்டடத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்று பொதுமனதில் அதற்கு முன்பே பதியவைத்தது இந்த எழுத்துதான்.

முதல் கேள்விக்கு வருவோம். கோட்டையின் ஆவணங்களிலும் மீனவர்கள் இருக்கிறார்கள். இல்லாமல் முடியாது. 1870களின் நடுவில் துறைமுக வேலை தொடங்கும் வரை, இரண்டேகால் நூற்றாண்டுக்கு மேலாக மதராஸ் துறைமுகமே இல்லாத துறைமுகப்பட்டினம். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்கு ஆளும் சரக்கும் வர வேண்டுமானால், நடுவில் மடிந்து விழும் அலைவரிசைகளைத் தாண்ட வேண்டும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகு அந்த அலையில் வளைந்துகொடுக்கும். ஐரோப்பியப் படகு உடையும். படகைத் தள்ளியவர்கள் இந்தக் கரையின் மக்கள். கட்டுமரக்காரர்கள் கப்பலுக்குத் தபால் கொண்டுபோனார்கள். கம்பெனியின் துணிமூட்டையிலிருந்து கவர்னரின் குடும்பம் வரை அவர்கள் கையால்தான் கரையேறின.

இப்போது ஐஸ் ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1842இல், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்துவைக்கக் கட்டியது. 1897இல் விவேகானந்தர் தங்கியதால் பின்னால் அவர் பெயர் பெற்றது. பாஸ்டன் வியாபாரி பிரடெரிக் டியூடரின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. துறைமுகம் இல்லாத அந்தக் காலத்தில், உருகும் சரக்கை அலைக்குள்ளிருந்து கரைசேர்த்த படகுக்காரர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக நுழைவதில்லை. லவ் படித்த அதே ஆவணங்களில் அவர்கள் கூலிக்கணக்காகவும், சரக்கு திருடினார்கள் என்ற புகாராகவும் வருவார்கள். அதை அவர்களின் திறமையின் சான்றாகத் திருப்பிப் படிப்பது வரலாற்றாசிரியரின் வேலை. சென்னை எழுத்து அந்த வேலையை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் செய்தது.

அரசு வேறொரு வகையிலும் மீனவரைப் பதிந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் இந்தக் கரையின் மீனவச் சாதியான பட்டினவருக்கு ஒரு பதிவு இருக்கிறது. மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் 1920 வாக்கில் இந்தியப் படகுகளின் அமைப்பை ஆராய்ந்து எழுதினார். முன்னதில் மனிதர்கள் சாதி மாதிரிகளாகிறார்கள். பின்னதில் படகு முன்னால் வருகிறது. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் இரண்டிலும் ஊர் என்ற ஒன்று இல்லை. நாட்டார், பஞ்சாயத்து, பாடு பிரிக்கும் முறை, ஏலம், எந்த வலையை எந்த மாதம் எங்கே இறக்குவது என்ற ஏற்பாடு, தெண்டி என்றும் வன்னி என்றும் நீரோட்டத்தைப் பெயரிட்டுப் படிக்கும் அறிவு என இவையெல்லாம் சேர்ந்ததுதான் குப்பம். முதல் கேள்வியில் சென்னையின் வரலாற்றெழுத்து பாதி மதிப்பெண்தான் பெறும்.

இரண்டாம் கேள்வி பட்டியலைப் பற்றியது. உயர் நீதிமன்றம் அமைத்த நீதிபதி பத்மநாபன் குழு 467 கட்டடங்களை அடையாளம் கண்டது. சென்னைப் பாரம்பரியப் பேச்சின் முதுகெலும்பு அந்தப் பட்டியல். பாரம்பரிய ஆணையத்துக்கு 2012இல் தமிழ்நாடு தனிச் சட்டமும் இயற்றியது. எல்லாவற்றுக்கும் அலகு ஒன்றுதான்: கட்டடம். அதனால் மெரினா ஓரமாக நடக்கிற பாரம்பரிய வழிகாட்டியின் முகம் மேற்கே திரும்பியே இருக்கும். சேப்பாக்கம் அரண்மனை, செனட் ஹவுஸ், மாநிலக் கல்லூரி, ஐஸ் ஹவுஸ், ராணி மேரி கல்லூரி எல்லாம் காமராஜர் சாலையின் மேற்குப் பக்கம். முதுகுக்குப் பின்னால் இருக்கும் மணலை அவர் காற்று வாங்கும் இடமாகச் சொல்வார். 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்த கதையோடு அது முடிந்துவிடும்.

அந்த மணலுக்கே ஒரு வரலாறு உண்டு. துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும், தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அதன் தென்பக்கம் தேங்கியது. மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. ஒரு பொறியியல் வேலையின் பக்கவிளைவாக உலகப்புகழ் பெற்ற கடற்கரையும் வடசென்னையின் தீராத அரிப்பும் ஒரே நேரத்தில் பிறந்தன. அந்த மணலில் வலை உலர்த்தியவர்கள், படகு ஏற்றியவர்கள், மீன் ஏலம் விட்டவர்கள் அதைத் தொழிலிடமாக்கினார்கள். கல்லும் சுண்ணாம்பும் இல்லாத இந்த வரலாற்றைப் பதிய 467 கட்டடங்கள் கொண்ட அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை.

மணலைப் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று கேட்கலாம். இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊர் பதில் சொல்கிறது. அங்கே ஸ்டேடு என்று அழைக்கப்படும் கடற்கரையிலிருந்து, துறைமுகம் இல்லாமல், நேராகக் கூழாங்கல் கரையிலிருந்தே படகு இறக்குகிறார்கள். நொச்சிக்குப்பத்தில் நடப்பதும் அதேதான். கரையில் இடம் குறைவென்பதால் உயர உயரக் கட்டிய கறுப்பு மரக்கொட்டகைகள், வலையும் கயிறும் வைக்க. அவை மாளிகைகள் இல்லை. ஆனாலும் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உயர்ந்த தரத்தில் இருக்கின்றன. மீனவர்களின் பழைய சிற்றாலயத்தில் 1956இல் மீனவர் அருங்காட்சியகம் வந்தது. பக்கத்தில் படகுகள் இன்றும் கடலுக்குப் போய் வருகின்றன.

ஹேஸ்டிங்ஸைச் சொர்க்கமாக்கிக் காட்ட வேண்டியதில்லை. 2012இல் அதே ஸ்டேடில் ஒரு கலைக்கூடம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மீனவர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். பாரம்பரியம் என்ற பெயர் சுற்றுலாவுக்கு வாசல் திறக்கும், மீன் வாடை பிடிக்காதவர்களையும் உள்ளே கூட்டிவரும். இருந்தாலும் ஒன்று நிரூபணமாகிறது: வலைக்கொட்டகையைப் பாரம்பரியமாகக் கருத முடியும் என்பதற்கு, நாம் முறையைக் கடன்வாங்கிய நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. நாம் எடுத்துக்கொண்டது மாளிகையையும் தேவாலயத்தையும் எண்ணும் பகுதியை. வலைக்கொட்டகையை எண்ணும் பகுதி நம் கண்ணில் படவில்லை. இரண்டாம் கேள்வியில் தோல்வி வெளிப்படையானது.

மூன்றாம் கேள்விதான் கடுமையானது. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லி எம்.ஜி.ஆர். அரசு கரையிலிருந்து படகுகளையும் வலைகளையும் அகற்ற முனைந்தது. மீனவர்கள் மறுத்தார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுப் போராட்டம் கலைக்கப்பட்ட நாளில், ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்து நடுக்குப்பத்தில் மீன் சந்தை எரிந்தது. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டுப் போக்குவரத்து நெரிசலை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. மாநகராட்சி நொச்சிக்குப்பத்தின் மீன் கடைகளை அகற்றியது. பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், படகுகள் சாலைக்கு வந்தன. பிறகு இடைக்கால ஏற்பாடு, 2024 ஆகஸ்டில் சுமார் 15 கோடி ரூபாயில் கட்டிய புதிய மீன் அங்காடி.

அந்த ஏப்ரலில் இரண்டு வரலாறுகள் மோதின. ஒன்றில் அது நெரிசலுள்ள பொதுச் சாலை, கடைகள் ஆக்கிரமிப்பு. மற்றதில் அது கரையிறங்கும் இடம். சாலைதான் பின்னால் வந்தது என்பது மீனவர்களின் வாதம். எது முன், எது பின் என்று சொல்வது உள்ளூர் வரலாற்றின் அடிப்படை வேலை. ஒரு மாடிக் கட்டடத்தின் தூண் எந்த ஆண்டு வந்தது என்று சொல்லத் தெரிந்த நகரத்தில், ஒரு சாலை எந்த ஆண்டு எந்த மணலின் மேல் போடப்பட்டது, அதற்குமுன் அங்கே ஏலம் எங்கே நடந்தது என்று எடுத்துக்காட்ட ஒரு புத்தகம் கையில் இல்லை. வாதம் நினைவின் பலத்திலும் கூட்டத்தின் பலத்திலும் நின்றது.

மூன்றாம் கேள்வியிலும் தோல்விதான். மூன்று கேள்விகளும் தந்த இந்தத் தீர்ப்பை எதிர்த்து மூன்று வாதங்கள் வரலாம். முதலாவது, எழுதாதவர் மேல் பழி போடுவது எளிது. முத்தையாவும் மற்றவர்களும் தங்கள் ஆர்வத்தில், சம்பளமின்றி எழுதியவர்கள், எல்லாவற்றையும் ஒருவரே எழுத முடியுமா என்பது. சரியான வாதம். ஆகவே குற்றம் ஆளின் மேல் இல்லை, முறையின் மேல். ஆங்கிலத்தில், ஆங்கிலேயரின் ஆவணத்தில், கட்டடத்தை அலகாக வைத்து எழுதும் முறை, எவ்வளவு நல்லவர் கையில் இருந்தாலும், குப்பத்தை முதல் வரியோடு முடித்துவிடும்.

இரண்டாவது வாதம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: மீனவர் தரப்பும் வரலாற்றைச் சரியாகச் சொல்கிறதா? இதையும் அதே தராசில் வைக்க வேண்டும். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இதே இடம் எங்களுடையது என்ற பேச்சு மேடையில் எடுபடும், ஆராய்ச்சியில் நிற்காது. துறைமுகம் வந்தபின் கரைக்கோடே நகர்ந்திருக்கிறது. இன்று படகு நிற்கும் மணல் 150 ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில், இதே அகலத்தில் இருந்தது என்று கொள்ள முடியாது. நியூஹேவனில் நடந்ததை இங்கே பார்க்க வேண்டும். அதுவும் கிழக்கு சசெக்ஸ்தான். 1883இல் கட்டிய அலைத்தடுப்புச் சுவரால் மணல் சேர்ந்து உருவான கடற்கரை. ஊர்க்காரர்கள் பல்லாண்டு அங்கே விளையாடியதைக் காட்டி அதைப் பொதுவெளியாகப் பதியக் கேட்டார்கள். துறைமுகத்துக்கான சட்டத்தோடு அது பொருந்தாது என்று 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மறுத்தது. பழமையால் மட்டும் உரிமை நிற்காது. பயன்பாட்டைச் சான்றோடு காட்டினாலும், துணைக்குச் சட்டம் வேண்டும் என்பதுதான் அதில் பாடம்.

குப்பத்தின் நினைவிலும் இருட்டு மூலைகள் உண்டு. பஞ்சாயத்து ஆண்களுடையது. 2023இல் கடை இழந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மீனை வாங்கி, வெட்டி, விற்று, கடன் கட்டுகிறவர்கள். கட்டுமரத்தின் வீரத்தைப் பாடும் வரலாறு அவர்களின் கூடையையும் கத்தியையும் விட்டுவிட்டால், கவர்னரைப் பாடிய வரலாற்றின் குறையையே வேறு உடையில் கொண்டுவரும்.

மூன்றாவது வாதம் நம்பிக்கையானது: நிலைமை மாறிவருகிறதே? மாறித்தான் வருகிறது. 2011, 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள் மீனவக் கிராமங்களையும் அவற்றின் பொதுவிடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்கின்றன. வரைவு வரைபடங்களில் தங்கள் இடங்கள் விடுபட்டன என்று குற்றஞ்சாட்டிய குப்பத்து இளைஞர்கள், தாங்களே வலை உலர்த்தும் இடத்தையும் படகு நிற்கும் இடத்தையும் அளந்து குறிக்கத் தொடங்கினார்கள். 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, கர்நாடக சங்கீதத்தையும் குப்பத்தையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. தெற்கே ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ நாவல்களும் வறீதையா கான்ஸ்தந்தினின் கட்டுரைகளும் நெய்தல் நிலத்தை உள்ளிருந்து எழுதலாம் என்று காட்டிவிட்டன. வடகரையில் அந்த அளவுக்கு எழுத்து இன்னும் திரளவில்லை.

இவற்றில் எனக்கு மிகுந்த மதிப்புள்ளது அந்த வரைபட வேலை. விழா ஒரு நாள் கதவைத் திறக்கும். நாவல் மனதைத் திறக்கும். வரைபடத்தைக் கோப்பில் வைத்து வாதாடலாம். விக்டோரியா பெயரிலான திட்டம் பண்ணைகளுக்குச் செய்ததை, அதாவது யார் எங்கே எப்போது என்ற துல்லியத்தை, இது மணலுக்குச் செய்கிறது. முறையை முழுவதும் தூக்கியெறியத் தேவையில்லை என்பதற்கு இதுவே சான்று. அலகை மாற்றினால் போதும்: கட்டடத்துக்குப் பதில் ஊர், சொத்துக்குப் பதில் பயன்பாடு.

நிறுத்துப் பார்த்ததில் தேறுவது இது. சென்னையின் உள்ளூர் வரலாற்றெழுத்து, கட்டடங்களின் காவலனாகத் தேர்ச்சி பெறுகிறது, அதுவும் நல்ல மதிப்பெண்ணில். ஊரின் வரலாறாகத் தேறவில்லை. நொச்சிக்குப்பம் அதன் விடுபட்ட அத்தியாயம் என்று சொன்னால் போதாது. அத்தியாயங்களைப் பிரிக்கும் விதியையே அது தவறென்று காட்டுகிறது. இந்தக் குறையை இன்னொரு பாரம்பரிய நடைபயணத்தில் குப்பத்தையும் ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிட்டுத் தீர்க்க முடியாது. அது பார்வைப்பொருளின் எண்ணிக்கையைத்தான் கூட்டும்.

தீர்க்கும் வழி கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. 1970இல் உருவான குடிசை மாற்று வாரியம் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் இங்கே கட்டிய அடுக்குமாடிகளின் கோப்புகள், சுனாமிக்குப் பின் அவற்றை இடித்துக் கட்டியதன் ஒதுக்கீட்டுப் பட்டியல்கள், பஞ்சாயத்துக் கணக்குகள், 1985 முதல் 2023 வரையிலான வழக்குகள், பழைய நில அளவை வரைபடங்கள், மீன் விற்கும் பெண்களின் வாய்மொழி ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முரண்படும் இடத்தை மறைக்காமல், தமிழில் ஒரு குப்பத்தின் வரலாற்றை எழுத வேண்டும். அதைப் படிக்க வேண்டியவர்களில் முதல் வாசகர் நொச்சிக்குப்பத்தில் இருக்கிறார். இரண்டாம் வாசகர் உயர் நீதிமன்றத்தில். அந்த இருவரும் ஒரே புத்தகத்தை வைத்து வாதாடும் நாளில்தான் இந்த நகரத்துக்கு உள்ளூர் வரலாறு இருக்கிறது என்று சொல்ல முடியும். அதுவரை நம்மிடம் இருப்பது நல்ல கட்டடப் பதிவேடு.